பச்சைப் பட்டை

“உங்க முதலாளிக்கு என்னதாம்மா பிடிக்கும்?”

கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு விளம்பர ஏஜென்சி மேடம் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அன்றுதான் அவர் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்திருந்தார். என் விரல்களில் பசை காய்ந்து தோல்போல் உரிந்துகொண்டிருந்தது. அதை உரிப்பதில் மும்முரமாக இருப்பவளைப்போலக் குனிந்துகொண்டு, “தெரியலீங்க” என்றேன்.

தெரியும். அவருக்குப் பிடித்தது குறை சொல்வது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு, சிலருக்குச் சீட்டு, அவருக்கு இது. நாற்காலி வாங்கப் போனால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, நாலு காலில் ஒன்றுக்காவது ஒரு நொட்டை சொல்லி, அதைச் சரிசெய்ய வைத்த பிறகுதான் வாங்குவார். கார் வாங்கியபோது ஹாரன் கெஞ்சுகிற மாதிரி கேட்கிறது என்று மாற்றச் சொன்னாராம். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைக்கூட, “பையன் தங்கம்தான், ஆனா நடக்கறப்போ தோள் ஒரு பக்கமா சாயுது” என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார் என்பது டிரைவர் எல்லோருக்கும் சொல்லும் கதை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பொருளில் அவர் குறையே சொல்லமாட்டார். மெஷின் விற்கவும் காகிதம் விற்கவும் வருகிறவர்கள் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். “ரொம்ப நல்லா இருக்கு” என்பார். டீ வரும். “ரொம்பவே நல்லா இருக்கு” என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே படியிறங்குவார். அதோடு சரி. இது கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கே தெரியும். சிரித்துக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் “பாவம்” என்பார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், “அடுத்த வாரம் லாரி வந்துரும் பாரு” என்பார்.

எங்கள் கம்பெனி குளியல் சோப்பு செய்கிறது. கீழே தொழிற்சாலை, முதல் மாடியில் அலுவலகம், இரண்டாவது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் டிசைன் அறை. அந்த அறையில் மூன்று பேர். தலைமை என் அக்கா. எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது வித்தியாசம் என்பதால் பாதி அம்மா மாதிரி. இரண்டாவது ஆள் கோடு. எதைச் செய்தாலும் முதலில் ஸ்கேலை எடுத்து ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் தொடங்குவார் என்பதால் அந்தப் பெயர். அக்காவைவிட வயதில் பெரியவர். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், “பதவிக்குத்தான் மரியாதை, பல்லுக்கு இல்ல” என்பார். மூன்றாவது ஆள் நான்.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். அன்றோடு நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். யாரோடும் பேசவேண்டியிருக்காத வேலையாக அக்கா எனக்குப் பார்த்துக்கொடுத்தது இதுதான். அக்காவும் கோடும் கம்ப்யூட்டரில் வரைந்த உறையை அச்செடுத்துத் தருவார்கள். நான் அதைக் கட்டரால் வெட்டி, மடித்து, உண்மையான சோப்பில் சுற்றி ஒட்டுவேன். பார்த்தால் கடையில் வாங்கியது போலவே இருக்கவேண்டும். இதற்கு டம்மி என்று பெயர். தேறாத டம்மிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் குளியலறைத் தட்டில் கம்பெனியின் உண்மையான உறை போட்ட சோப்பு ஒன்றுகூட இருந்ததில்லை. “இன்னிக்கு எதுல குளிக்கறது? வாத்து போட்டதா, மேகம் போட்டதா?” என்று அம்மா உள்ளிருந்தபடியே கத்துவாள்.

அந்த வாத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் வேலைக்கு வருவதற்கு முந்தைய கதை இது. அக்கா சேர்ந்த புதிதில், குழந்தைகள் சோப்புக்கு ஒரு முயல் வரைந்தாளாம். முதலாளி பார்த்தார். காது நீளம் என்றார். குறைத்தாள். கண் முறைக்கிறது என்றார். மூடினாள். மூடினால் செத்த மாதிரி இருக்கிறது என்றார். ஒரு மாதம் போனது. கடைசியில் அச்சுக்குப் போனது முயலா பன்றியா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்து வாத்து. அதை வரையும்போது அக்கா முதலில் தப்பாகப் போட்ட ஒரு காலை அழிக்க மறந்துவிட்டாள். முதலாளி உறையைக் கையில் வாங்கினார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“ஏம்மா, இந்த ஊர் வாத்துக்கு எத்தனை காலு?”

விழுந்து விழுந்து சிரித்தாராம். அலுவலகத்தில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் காட்டினாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காலை எடுத்துட்டு அச்சுக்கு அனுப்பு” என்றார். காது, கண், மூக்கு எதுவும் கேட்கவில்லை. வாத்து வாத்தாகவே வெளியே போனது.

அன்றிலிருந்து இது எங்கள் அறையின் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு டிசைனிலும் முதலாளிக்கென்று ஒரு தப்பு வைப்பார்கள். கோடு அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று பெயர் வைத்தார். அவர் கண்ணெல்லாம் அதிலேயே போய் விழுந்துவிடும், மற்றது தப்பித்துவிடும். பொட்டு வைப்பது லேசான வேலை இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும், ஆனால் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியக்கூடாது. போன தடவை வைத்த இடத்தில் இந்தத் தடவை வைக்கக்கூடாது. டிசைனை இரண்டு நாளில் முடித்துவிட்டுப் பொட்டுக்காக மூன்றாம் நாள் முழுவதும் அக்கா நகம் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் எப்போதும் இரண்டு டம்மி செய்வேன், பொட்டு வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. வைத்தது முதல் மாடிக்குப் போகும். முதலாளி குறையைச் சொல்வார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஐயோ, கவனிக்கவே இல்ல சார்” என்பாள். மறுநாள் சாயங்காலம் வரை மூவரும் காலாட்டிக்கொண்டு இருப்போம். பிறகு மேஜை இழுப்பறையில் தூங்கும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய், “மாத்திட்டோம் சார்” என்பாள். அவருக்கும் திருப்தி, எங்களுக்கும் ஒருநாள் ஓய்வு.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை ஏஜென்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலாளியின் மருமகனுக்கு அலுவலகத்தில் பெரிய பதவிப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் கேட் முதல் கேன்டீன் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். நல்ல மனிதர். எங்கள் அறைக்கு வந்து நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலையில குறை இல்ல. ஆனா நம்ம சோப்பு எல்லாமே ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கு.”

“ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே சார்” என்றார் கோடு.

“அதாங்க பிரச்சனை. வெளிய இருந்து பாக்கறவங்க ஒருத்தர் வேணும். மாமாகிட்ட சொன்னேன். அவர் ஒரு யோசனை சொன்னார்.”

யோசனை இதுதான். புதிதாக ஒரு சோப்பு வரப்போகிறது. அதற்கு எங்கள் அறை ஒரு உறை செய்யவேண்டும், ஏஜென்சி ஒன்று செய்யும். ஒரே நாள், ஒரே மேஜை. முதலாளி எதை எடுக்கிறாரோ அவர்களுக்குத்தான் இனிமேல் எல்லா சோப்பும். ஏஜென்சி ஜெயித்தால் எங்களை யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அவர்கள் செய்வதைச் சின்ன சோப்புக்கும் பெரிய சோப்புக்கும் அட்டைப்பெட்டிக்கும் அளவு மாற்றிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு இருக்கும்.

அன்று இரவு சாப்பிடும்போது அக்கா இதைச் சொன்னாள்.

“சம்பளத்துல கை வைக்கறாங்களாடி?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

“வேலை நேரம்?”

“அதேதான்.”

“அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?”

“இனிமே நான் எதையும் வரையமாட்டேன்மா. அவங்க வரைஞ்சதை இழுத்து நீட்டுவேன், சுருக்குவேன். அவ்வளவுதான்.”

அம்மா கொஞ்சநேரம் மென்றுகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அப்போ இவளுக்கு டம்மி வேலை?” என்றாள். அக்கா தண்ணீர் குடித்தாள்.

புது சோப்புக்கான உறையை அக்கா கம்ப்யூட்டரில் தொடங்கவில்லை. வெள்ளைக் காகிதத்தைச் சோப்பில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலே மடிப்பு வரும் இடத்தில் பென்சிலால் ஒரு மொட்டு வரைந்தாள். மடிப்பைப் பிரித்தாள். உள்ளே இருந்த பக்கத்தில் கொஞ்சம் வரைந்தாள். மறுபடி மடித்தாள். நாலைந்து நாள் இதே வேலை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “ஏய், இதைப் பிரி” என்று நீட்டினாள்.

வெளியே ஒரு மூடிய மொட்டு, சுற்றிலும் வெள்ளை. மடிப்பை விரலால் தூக்கினேன். காகிதம் விரிய விரிய மொட்டின் இதழ்கள் இரண்டு பக்கமும் நீண்டு முழுப் பூவாகிவிட்டன. மூடினேன். மொட்டானது. திறந்தேன். பூத்தது.

கோடு ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார். “அக்கா, இது என்ன பூ?”

“தெரியல. சோப்புப் பூ.”

அந்த மடிப்பு அரை நூல் தள்ளிப்போனாலும் இதழ் உடைந்துவிடும். சரியாக வருவதற்குள் முப்பது காகிதமாவது வீணாக்கியிருப்பேன். சரியாக வந்ததும் அக்கா அதை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வழக்கம்போல நகத்தைக் கடிக்கத் தொடங்கினாள்.

“வேண்டாம்” என்றார் கோடு.

“எது?”

“எதுன்னு உனக்குத் தெரியும். இந்தத் தடவை பொட்டு வேண்டாம். வெளியாள் முன்னாடி போய் நிக்கப்போறோம். மூக்குல சளியோட போய் நிக்கணுமா?”

“வைக்கலேன்னா பூவுல கை வைப்பார்.”

“வைக்கட்டும். நாம பேசிக்கலாம்.”

“பேசி? முயலுக்குப் பேசினேனே. என்ன ஆச்சு?”

“அது அந்தக் காலம். அப்போ நீ சின்னப் பொண்ணு.”

“அவர் அதே ஆளுதானே?”

கோடு என் பக்கம் திரும்பினார். “சின்னது, நீயாவது சொல்லேன்.” நான் கட்டரின் முனையை உடைத்துப் புது முனையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கும் பொட்டு வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தப் பூவை முதலாளி திருத்துவதை நினைத்தால் பொட்டு வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் சம எடையில் இருந்ததால் எதையும் சொல்லவில்லை.

அக்கா உறையின் அடிப்பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை போட்டாள். தடியான, ரசமில்லாத, ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை. அத்தனை வெள்ளைக்கு நடுவே அது கட்டுப்போட்ட காலைப்போல இருந்தது. கண் இருக்கிற யாரும் முதலில் அதைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

“இதைவிட நல்ல பொட்டு நான் வெச்சதே இல்ல” என்றாள். கோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வழக்கம்போல இரண்டு டம்மி செய்தேன். பட்டை இல்லாதது இழுப்பறைக்குள் போனது.

காட்டவேண்டிய நாளன்று மீட்டிங் ரூமில் ஏஜென்சி மேடமும் அவரோடு வந்த இருவரும் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி நடுவில். மாப்பிள்ளை அவருக்கு வலப்பக்கம். அக்காவும் கோடும் எதிரில். நான் டம்மித் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஏஜென்சிதான் முதலில் காட்டியது.

திரையில் ஒரு கடையின் அலமாரி. வரிசை வரிசையாகச் சோப்புகள், எல்லாவற்றிலும் பூ. அடுத்த படத்தில் அதே அலமாரியில் ஒரே ஒரு சோப்பு மட்டும் முழுக்க ஆழ்ந்த நீலம். பூ இல்லை, இலை இல்லை, நுரை இல்லை. பெயர் பெரிய வெள்ளை எழுத்தில், ஓரத்தில் ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். என் கண் முதலில் அந்த நீலத்துக்குத்தான் போனது. அதை மறைக்க வேண்டியதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

“வாங்கறவங்க அலமாரி முன்னாடி ரொம்ப நேரம் நிக்கறதில்ல சார்” என்றார் மேடம். “கண்ணுல படறதுதான் கைக்குப் போகும்.”

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “பேரு கொஞ்சம் கீழ இறங்கணும்.”

“இறங்கக்கூடாது சார்.”

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார்.

“ஏன்?”

“இறங்கினா தலை குனிஞ்ச மாதிரி இருக்கும். புதுசா வர்ற சோப்பு எதுக்கு சார் தலை குனியணும்?”

“சரி, நீலம் ஜாஸ்தி.”

“கம்மி பண்ண முடியாது. பண்ணினா பத்தோட பதினொண்ணா ஆயிடும். அதுக்கு நீங்க எங்களைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாமே.”

“முடியாதுன்னா எப்படிம்மா? காசு குடுக்கறது நான்.”

“அதனாலதான் சார் முடியாதுங்கறேன்.”

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பையிலிருந்து பேனாவை எடுத்து, அதே படத்தை அச்செடுத்து வைத்திருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஓரத்தில் இருந்த ஒரு வளைவைக் காட்டி, இது எதற்கு என்றார். அது தங்களுக்கும் சந்தேகம்தான், எடுத்துவிடலாம் என்றார் மேடம். அதில் அவருக்குத் திருப்தி இல்லை, மறுபடியும் நீலத்துக்கே வந்தார். மேடம் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலாளியின் காது சிவந்துவிட்டது. டீ வந்து ஆறி ஏடு கட்டியது, அவர் தொடவில்லை. அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததே இல்லை.

கோடு மெல்ல அக்கா பக்கம் சாய்ந்தார். “குறை சொல்றாருக்கா” என்றார். சுவரோரம் நின்ற எனக்கே கேட்டது. அக்கா தலையை ஆட்டினாள்.

எங்கள் முறை வந்தது. அக்காவுக்குத் திரையில் காட்டிப் பேசும் வழக்கம் இல்லை. என் தட்டிலிருந்து சோப்பை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தாள். “பிரிச்சுப் பாருங்க சார்” என்று மட்டும் சொன்னாள்.

அவர் பிரித்தார். பூ விரிந்தது. மூடினார். மறுபடி பிரித்தார். ஏஜென்சி மேடம் எட்டிப் பார்த்து, “அட” என்றார். அது உபசாரத்துக்குச் சொன்னதுபோல் இல்லை.

“என்ன பூ இது?” என்றார் முதலாளி.

“சோப்புப் பூ சார்.”

சிரித்தார். கோடும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளியின் கட்டைவிரல் மெல்லக் கீழே நகர்ந்து பச்சைப் பட்டையின்மேல் வந்து நின்றது. பட்டையை ஒருமுறை தடவினார். அக்கா நாக்கைக் கடித்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, அந்தப் பச்சை மட்டும் கொஞ்சம்...” என்று மாப்பிள்ளை தொடங்கினார்.

“ஏன், அதுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?”

அக்கா வாயைத் திறந்தாள். அவள் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. “பட்டை தடியா தெரியல சார்?”

“இல்லையே.”

“கலர்? கொஞ்சம் மட்டமா...”

“ஒண்ணும் மாத்த வேண்டாம். ரொம்பவே நல்லா பண்ணியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுச் சோப்பை மேஜைமேல், நீலப் படம் இருந்த காகிதத்திலிருந்து தள்ளி வைத்தார். எங்களுக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். அந்த மாடியில் எங்களுக்கு அவர் டீ சொன்னது அதுதான் முதல் தடவை.

மாடி ஏறும்போது படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏஜென்சி மேடம் புருவத்தை நெரித்துக்கொண்டு, கூட வந்தவரிடம் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டினார். காவலாளி அவர்களுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் முதலாளி எங்கள் அறைக்கு வந்தார். அவர் இரண்டாவது மாடிக்கு ஏறி வருவதே அபூர்வம். மூச்சு வாங்கியது. கோடு எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அதில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார்.

“இது ஆடுதே. சொல்றதில்லையா?”

“சொல்றோம் சார்” என்றார் கோடு.

முதலாளி அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “ஏம்மா, அவங்ககிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் குறைவு வராது. யாரும் எங்கயும் போகவேண்டாம். அளவு மாத்தற வேலையே தலைக்கு மேல இருக்கும்.”

அக்கா இழுப்பறையைத் திறந்து, பட்டை இல்லாத சோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பட்டை இருந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளை. மடிப்பைப் பிரித்தார். மூடினார். சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போன கை, அங்கேயே கொஞ்சநேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

“இது எப்போ பண்ணினது?”

“அதோடவே பண்ணினதுதான் சார்.”

“அப்போ காலையில எதுக்கு அதைக் கொண்டு வந்தே?”

கோடுதான், “அது வந்து சார்... நீங்க ஏதாவது சொல்வீங்க, அப்போ எடுத்துடலாம்னு...” என்று இழுத்தார்.

“திருஷ்டிப் பொட்டா?”

கோடு என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“டிரைவர் சொன்னான். அவன் சொல்லித்தான் தெரியணுமா? வாத்து நிஜமாவே தப்பு, அது எனக்கும் தெரியும். அதுக்கு அடுத்த சோப்புல எழுத்து தலைகீழா நின்னுச்சே, நீ அப்படித் தப்பு பண்ற ஆளா? அன்னிக்கே தெரியும். சரி, நீங்க ஆசையா வெக்கறீங்க, நானும் ஆசையா எடுக்கறேன்னு விட்டுட்டேன்.”

சோப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“போகப்போக என்ன ஆச்சு தெரியுமா? நீங்க எனக்கு எங்க வெச்சிருக்கீங்கன்னு தேடறதுதான் எனக்கு வேலை. மத்ததை நான் பாக்கறதே இல்ல. இன்னிக்குப் பட்டையைப் பாத்ததும் அலுத்துப்போச்சு.” அக்கா பக்கம் திரும்பினார். “அந்தம்மா என் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லிச்சே, பாத்தல்ல? நீ ஒரு தடவையாவது என்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கியாம்மா?”

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. கீழே யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முயலைப் பற்றிச் சொல்வாள் என்று நான் நினைத்தேன். கோடும் அதைத்தான் எதிர்பார்த்தார்போல, ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதில் வராததால் முதலாளி எழுந்தார். “நாளைக்குக் காலையில அவங்க ஃபைல் அனுப்பிடுவாங்க. சின்ன சோப்புலேருந்து ஆரம்பிச்சுடு. இது என்கிட்ட இருக்கட்டும், வீட்ல காட்டறேன்” என்று சோப்பைச் சட்டைப்பையில் போடப்போனார்.

அக்கா கையை நீட்டினாள். அவர் புரியாமல் பார்த்தார். நீட்டிய கை அப்படியே இருந்தது. சோப்பை அதில் வைத்தார்.

அவள் அதைத் தன் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜைமேல் இருந்த பென்சில்களில் தன்னுடையதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். என் மேஜையில் திறந்து கிடந்த கட்டரின் முனையை, யார் கையையும் கிழித்துவிடாமல் இருக்க உள்ளே தள்ளி வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். நாற்காலியை மேஜைக்குள் நகர்த்தினாள். முதலாளி வழியில் நின்றிருந்தார், விலகி வழிவிட்டார். அவள் படியிறங்கினாள்.

நாங்கள் மூவரும் ஜன்னல் பக்கம் வந்தோம். மேலிருந்து பார்க்கும்போது அவளுடைய தலையின் வகிடும் தோளில் தொங்கிய பையும்தான் தெரிந்தன. முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கேட்டில் காவலாளி எழுந்து நின்று, “என்னம்மா, தங்கச்சி வரலையா?” என்று கேட்டது மேலே வரை கேட்டது. காவலாளி அவள் முகத்தைப் பார்த்தார். “பாவம்” என்றும் சொல்லவில்லை, லாரியைப் பற்றியும் சொல்லவில்லை. கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார். அவள் போனாள்.